ஒருவகைப் பறவை

சங்க இலக்கியத்துக்கு எழுந்த அகராதிகளையும் அருஞ்சொல் விளக்கங்களையும் புரட்டும் மாணவர், அடிக்கடி எதிர்ப்படும் ஒரு தொடரை நன்கறிவர். ‘ஒருவகைப் பறவை’ என்பதே அது. ஒருவகை மரம், ஒருவகைக் கொடி, ஒருவகை மீன் என அதற்கு உடன்பிறந்தாரும் பலர் உளர். தேர்வெழுதுவோர்க்கு இவ்விடை போதும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆயினும், ஒரு பறவையின் அலகையும், தலையின் நிறத்தையும், அது அடையும் மரத்தையும், குரலெடுக்கும் யாமத்தையும் புலவர் ஒருவர் வரையறுத்துப் பாடியிருக்க, நாம் இரண்டே சொற்களில் அதனைக் கடந்து செல்வது முறையாகுமா என்னும் ஐயம் வகுப்பறையில் எனக்கு நெடுநாளாக இருந்துவந்தது. இவ்வையத்துக்கு விடை நூலகத்தில் மட்டுமன்றி ஊருக்கு வடக்கேயுள்ள காட்டிலும் கிடைக்கக்கூடும் என்று எண்ணி, 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மாணவர் எண்மருடன் மூன்று நாள் பயணம் ஒன்றை மேற்கொண்டேன். அதனைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றேன்.

நான் பிறந்த ஊர் ஆர்.கே.பேட்டை. தறியோசையில் கண்விழிக்கும் ஊர். திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் இடைப்பட்ட குன்றுகளின் நடுவே அமைந்தது. தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்துரைக்கும். அவ்வெல்லைக்கு அருகில் வாழ்வோர் நாங்கள். திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1960 ஏப்ரல் முதல் நாளன்று, ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவு அது. இன்றும் எங்கள் தெருக்களில் ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் அமர்ந்து பேசும். ஆதலால் மரத்துக்கும் பறவைக்கும் இரண்டு மொழிகளில் பெயர் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் முன்னோர். அப்பெயர்களுள் எத்தனை எங்கள் தலைமுறைக்கு வந்து சேர்ந்தன என்பது வேறு செய்தி.

‘வடக்கு நோக்கி ஒரு காட்டுப் பயணம்’ என்று துறையின் அறிவிப்புப் பலகையில் எழுதியவுடன், குலு, மணாலி என்று எண்ணிக்கொண்டு இருவர் கம்பளி ஆடை வேண்டுமா என்று கேட்டனர். “நமக்கு வடக்கு பூண்டியிலேயே தொடங்கிவிடுகிறது” என்றேன். அவர்கள் முகத்தில் சிறிது ஏமாற்றம் தெரிந்தது.

திருத்தணியில் இரயிலேறித் திருவள்ளூரில் இறங்கிப் பேருந்தில் பூண்டியை அடைந்தோம். கொற்றலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பெற்ற நீர்த்தேக்கம் அங்கே உள்ளது. சென்னை மாநகரம் பருகும் நீரின் ஒரு பகுதி இங்கிருந்தே செல்கின்றது. பிற்பகல் வெயில் சாய்ந்த நேரத்தில் நீர்விளிம்பில் நாரைகள் வரிசையாக நின்றன. சத்திமுத்தப் புலவர் தம் மனையாளுக்குத் தூது விட்ட நாரையின் அலகு, பிளந்த பனங்கிழங்கைப் போன்றது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். “இந்த நாரைதானே ஐயா?” என்றான் ஒரு மாணவன். இருகண்நோக்கியை அவனிடம் கொடுத்து, அலகை மட்டும் பார்த்துச் சொல் என்றேன். அங்கு நின்றவற்றுள் சில மஞ்சள்மூக்கு நாரைகள். மற்றவை அலகின் நடுவே இடைவெளி விட்ட நத்தைகுத்தி நாரைகள். இரண்டும் புலவரின் உவமைக்குப் பொருந்தவில்லை. அவர் கண்டது செங்கால் நாரையாதல் வேண்டும். அதன் காலும் அலகும் ஒருங்கே சிவந்தவை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் நாட்டுக்கு வந்து, வேனில் தொடங்கும்போது மீண்டும் வடக்கே செல்லும் இயல்பினது அது. குமரியில் நீராடிவிட்டுப் பெடையுடன் வடக்கே திரும்பும் பறவை என்று அவர் பாடியதைக் கற்பனை நயம் என்று உரைநூல்கள் பாராட்டும். நயம் உண்டு, அதனினும் மேலாக, அது பறவை செல்லும் வழியறிந்து சொன்ன சொல்.

அன்றிரவு மாணவர் ஒருவரின் உறவினர் இல்லத்தில் தங்கினோம். மறுநாள் வைகறைத் தொழுகை முடிந்தவுடன் புறப்பட்டோம். (பறவை காண விரும்புவோர்க்கு அதிகாலையில் எழுவதே பெருந்துன்பம் என்பர். தொழுகைக்கு எழுந்து பழகியவர்க்கு அத்துன்பம் இல்லை.) நாங்கள் நாடிச் சென்றது அல்லிக்குழி மலைத்தொடரில் உள்ள குடியம் குகை. வனத்துறையின் இசைவு பெற்றே காப்புக்காட்டினுள் செல்ல இயலும், பெற்றிருந்தோம். வழி கரடுமுரடானது. செம்மண்ணில் கூழாங்கற்கள் கொட்டிக் கிடக்கும். இருபுறமும் உசிலும் காரையும் சூரையும் களாவும் அடர்ந்த முட்புதர்கள். நிழல் குறைவு. ‘காடு’ என்றவுடன் வானளாவிய மரங்களை எதிர்பார்த்தோர்க்கு இது காடாகவே தோன்றாது. ஆனால் நம் வடக்கெல்லையின் இயல்பான காடு இதுதான். இதற்குப் பழகிய உயிர்களும் வேறு.

வழிகாட்ட வந்தவர் எழுபது வயதைக் கடந்த இருளர் பெரியவர் ஒருவர். தொடக்கத்தில் அவர் மிகவும் தயங்கினார். 

“நீங்க பாரஸ்ட்டு ஆளுங்களா சார்?” 

“இல்லை பெரியவரே, கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன்.” 

“தமிழ் வாத்தியாருக்குக் காட்டுல இன்னா வேலை?” 

“பறவைகளுக்குப் பெயர் கேட்க வந்தோம்.” 

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பேரு மட்டும்னா சொல்றேன்” என்றார். 

அந்த ‘மட்டும்’ என்னும் சொல்லின் பொருள் எனக்குச் சற்றுப் பின்னரே விளங்கியது. இளமையில் அவர் கண்ணி வைத்துக் கௌதாரியும் காடையும் பிடித்தவர். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் அத்தொழில் குற்றமாயிற்று. சட்டம் வேண்டியதே, அதில் எனக்கு இருவேறு கருத்தில்லை. எனினும் கண்ணியை விட்டவர் அதனோடு சேர்த்துப் பேச்சையும் விட்டுவிட்டார். பறவையைப் பற்றிப் பேசினாலே பிடித்தவன் என்று எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சம் ஐம்பது ஆண்டுகளாக அவருக்குள் இருந்திருக்கிறது.

நடக்க நடக்க அவர் தயக்கம் நீங்கியது. நாங்கள் கண்ணால் தேடினோம். அவர் காதால் கண்டார். புதரினுள் ஒரு சலசலப்பு எழுந்தால் நிற்பார்; பெயர் சொல்வார்; ஆணா பெண்ணா என்பதும் சொல்வார். பட்டுப்போன கிளையில் அமர்ந்திருந்த பனங்காடையைக் காட்டி, அது சிறகு விரிக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். அழுக்கேறிய பழுப்பு நிறமாக இருந்த பறவை, பறந்தவுடன் நீலமாக மாறியதைக் கண்டு மாணவர் கூவிவிட்டனர். கற்களின் நடுவே மற்றொரு கல்லாகப் படுத்திருந்த பக்கியை அவர் கோலால் சுட்டிக் காட்டியும் எங்களுள் மூவருக்குத் தெரியவில்லை. அது எழுந்து பறந்த பின்னரே மூவரும் நம்பினர். கண்கிலேடிக்கு அப்பெயர் ஏன் வந்தது என்று கேட்டேன். “அது கண்ணைப் பாருங்க சார், உங்களுக்கே தெரியும்” என்றார். மஞ்சள் நிறமான பெரிய கண் அது. சொல்லாராய்ச்சிக்கு மேலும் வேலை வைக்கவில்லை.

குகைக்கு அரைக்கல் தொலைவு இருக்கும்போது, பாதை நடுவே ஒரு பறவை நீண்ட அலகால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் தலையிலிருந்த கொண்டையை விசிறிபோல் விரித்தது. கொண்டலாத்தி என்றார் பெரியவர். எங்களுடன் வந்த மாணவன் ஒருவன், சிறுவயதில் மதரஸாவில் ஓதியவன், திடுக்கிட்டு நின்றான். ஸுலைமான் நபியவர்களின் வரலாற்றில் ஸபா நாட்டுச் செய்தி கொண்டுவரும் ஹுத்ஹுத் இதுதான் என்று அவனிடம் சொன்னேன். “பறவை என்று சொல்லிக்கொடுத்தார்கள் ஐயா. இதுதான் என்று யாரும் காட்டவில்லை” என்றான். அதன் பிறகு பத்து நிமிடம் அவன் அவ்விடத்தைவிட்டு நகரவில்லை; பறவையும் நகரவில்லை.

குடியம் குகை வியத்தற்குரியது. கூழாங்கற்களைக் குழைத்துப் பூசியது போன்ற பாறை, பெருங்குடையெனக் கவிந்து நிற்கின்றது. மேலே மலைத்தேனடைகள் தொங்கும். ஆதலால் அங்கே உரத்துப் பேசலாகாது. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் இப்பகுதியை ஆராய்ந்தார். அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழப் 15 இலட்சம் ஆண்டுப் பழைமையுடையவை என்று 2011இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. மனிதன் இத்தனை நெடுங்காலமாக நடந்த மண்ணில் நாம் நிற்கின்றோம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். புதரின் அடியில், உதிர்ந்த சருகுகளின் மேல் ஒரு சிறு பறவை தத்திக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, கருப்புக் கண்பட்டை, பழுப்பு மார்பு, வால் அடியில் குருதிச் சிவப்பு. ஆறுமணிக் குருவி! காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் குரல் கொடுப்பதால் வந்த பெயர். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்குத் தெற்கே வந்து, வேனிலில் திரும்பும் பறவை அது. கம்பளி ஆடை கேட்ட மாணவனிடம், “வடக்கு நம்மைத் தேடி வந்திருக்கிறது, பார்” என்றேன்.

பகலுணவின்போது அம்மாணவனே ஒரு வினா எழுப்பினான். “பறவையைப் பிடித்தவரிடம் போய்ப் பெயர் கேட்டு எழுதுவது சரியா ஐயா?” பெரியவர் காதில் விழாத தொலைவில்தான் கேட்டான். நல்ல வினா. அதற்கு நான் சாலிம் அலியின் கதையைச் சொன்னேன்.

1896இல் பிறந்த சாலிம் அலி, ஏறத்தாழப் பத்து வயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் கறை. அவரை வளர்த்த மாமா அமீருத்தீன் தியாப்ஜி பெரிய வேட்டைக்காரர். அவருக்கும் அது இன்னதென்று தெரியவில்லை. ‘ஒருவகைக் குருவி’ என்று அவர் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அச்சிறுவனை அனுப்பினார். அங்கே மில்லார்டு என்பார் பறவையின் பெயரைச் சொன்னதோடு, பதப்படுத்திய பறவைகள் நிறைந்த பேழைகளையும் திறந்து காட்டினார். 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூலும், ரிப்ளியுடன் சேர்ந்து பத்துத் தொகுதிகளாக எழுதிய கையேடும் பிற்காலத்தில் பிறந்ததற்கு வித்து அந்த ஒரு நாள். தம் வரலாற்றை எழுதியபோது அவர் அந்நூலின் தலைப்பிலும் அந்தக் குருவியின் வீழ்ச்சியையே வைத்தார். 

“அவர் அறிஞர் ஆயிற்றே ஐயா” என்றான் மாணவன். 

நம் வடக்கிலேயே, கடப்பை மாவட்டத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் சொன்னேன். தெலுங்கில் கலிவிக்கோடி எனப்படும் பறவை ஒன்று உண்டு; கலிவி என்பது நம் களா. நெல்லூரில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் என்பாரின் பெயரால் அறிவியலுலகம் அதனை அறியும். 1900இல் கண்டதற்குப் பின் அதனை எவரும் காணவில்லை. அற்றுப்போயிற்று என்றே நூல்கள் எழுதின. 1986 சனவரியில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. பம்பாய்க் கழகத்தின் ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் படத்தைக் காட்டித் தேட, அதனை இரவில் கண்டு பிடித்துக் கொடுத்தவர் உள்ளூரில் பறவை பிடித்து வாழ்ந்த ஒருவர். 86 ஆண்டுகள் நூல்களுக்குத் தெரியாதிருந்தது அவ்வூர் வேட்டுவர்க்குத் தெரிந்தே இருந்தது. அவரிடம் கேட்டவர் இல்லை.

இருளர்தம் பாம்பறிவுக்கு ஒரு வழி பிறந்தது. 1978இல் வடநெம்மேலியில் அமைந்த கூட்டுறவுச் சங்கம், பாம்பு பிடிக்கும் அவர்தம் திறனை நஞ்செடுக்கும் தொழிலாக மாற்றியது. பாம்புக்கடி மருந்துக்கு அந்நஞ்சு பயன்படுகிறது. 2023இல் இருளர் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், பத்மஸ்ரீ விருது பெற்றனர். பறவையறிவுக்கு அத்தகைய சங்கம் ஒன்றும் தோன்றவில்லை. பெரியவரின் பேரன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறான். நல்ல வேலை, மாதச் சம்பளம். பெரியவர்க்கு அதில் மிக்க மகிழ்ச்சி. “அவனுக்கு எத்தனைப் பறவை தெரியும்?” என்று கேட்டேன். “காக்கா தெரியும், கோழி தெரியும்” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, நெடுநேரம் பேசாமல் நடந்தார்.

மாலையில் காட்டைவிட்டு இறங்கி, வற்றத் தொடங்கிய ஓர் ஏரியின் கரையில் அமர்ந்தோம். கரையில் பனைகள். அப்போதுதான் இப்பயணத்தின் முழுப்பயனும் கிட்டியது. கரிய பெரும் பறவைகள் இரண்டு, தாழப் பறந்து வந்து வரப்பில் இறங்கின. அரிவாள் போல் வளைந்த நீண்ட அலகு. தோளருகே ஒரு வெண்ணிறத் திட்டு. தலையைத் திருப்பியபோது உச்சியில் சிவப்பு, எரியும் தணலைப் போன்று தெரிந்தது. கருப்பு அரிவாள்மூக்கன் என்றார் பெரியவர். சற்று நேரத்தில் இரண்டும் எழுந்து ஒரே மரத்தில் அமர்ந்தன. 

மாணவர் பையிலிருந்து குறுந்தொகையை எடுத்தனர். 160ஆம் பாடல். மதுரை மருதன் இளநாகனார், அன்றிலின் தலை நெருப்பைப் போல் சிவந்தது என்கின்றார். அதன் பெடையின் வளைந்த அலகுக்கு இறாலை உவமை சொல்கின்றார். ஓங்கிய கிளையில் கட்டிய கூட்டில் பெடையொடு இருந்து, பிரிந்தோர் செயலறும்படி அது நள்ளிரவில் கூவும் என்கின்றார். வேறு சங்கப் பாடல்கள் அதனைப் பனையில் வாழ்வதாகப் பாடும். அன்றில் என்பது அரிவாள்மூக்கன் இனமே என்று ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ எழுதிய பி.எல். சாமி போன்றோர் முன்னரே எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வினத்துள் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிவந்த உச்சி இதற்கே உரியது. மற்ற அரிவாள்மூக்கன்கள் பெருங்கூட்டமாகக் கூடு கட்ட, இது பெரும்பாலும் தனித்த இணையாக உயர்ந்த மரத்தில் கூடு கட்டும். என்னளவில் அவ்வழக்கு அந்த ஏரிக்கரையில் முடிந்தது.

இருள் கவிந்ததும் பனையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மூக்கால் அழுவது போன்ற உரத்த கூவல். மாணவர் ஒருவரும் பேசவில்லை. பின்னர் நான் பெரியவரிடம், “இணையில் ஒன்று இறந்தால் மற்றதும் உயிர்விடும் என்பார்களே, உண்மையா?” என்று கேட்டேன். 

“அதெல்லாம் இல்ல சார். ரெண்டு மூணு நாள் கத்தும். அந்த மரத்தையே சுத்தி வரும். அப்புறம் வேற ஜோடி தேடிக்கும்.” 

மாணவன் ஒருவன் கைவிளக்கை எரியவிட்டு மீண்டும் பாடலைப் படித்தான். நிமிர்ந்து, “ஐயா, புலவரும் சாகும் என்று சொல்லவில்லையே!” என்றான். உண்மை. பிரிந்தோர் செயலறக் கூவும் என்றுதான் சொல்கின்றார். அன்றில் உயிர்விடும் என்னும் செய்தியை அப்பாடலுக்குள் கொண்டுசென்று வைத்துப் படித்தவர்கள் நாம். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அப்புலவரும் எழுத்தறியாத இருளர் பெரியவரும் அது சாகும் என்று சொல்லாதிருக்க, இடையில் வந்த நாம் கதை கட்டியிருக்கின்றோம். இதனை வகுப்பறையில் ஓராண்டு முயன்றாலும் என்னால் கற்பித்திருக்க இயலாது; அவனே கண்டுகொண்டான்.

மூன்றாம் நாள் பழவேற்காடு சென்றோம். 1980 முதல் பறவைகள் காப்பிடமாக உள்ள அவ்வேரியில் பூநாரைகளைக் கண்டோம். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைத்து அவை இரை அரிப்பதையும், வடபுலத்திலிருந்து வந்த உள்ளான்கள் சேற்றில் ஓடுவதையும் கண்டோம். டச்சுக்காரர் 1613இல் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையின் எச்சத்தையும் பார்த்தோம். பழவேற்காட்டைப் பற்றி எழுதுவோர் பலர் உளர்; நான் விரிக்க வேண்டுவதில்லை. அங்கே எங்களுக்குச் சோறிட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர், “பிள்ளைகளுக்கு இதனால் வேலை கிடைக்குமா தம்பி?” என்று அக்கறையோடு வினவினார். “கிடைக்காது பாவா” என்றேன். “பிறகு ஏன்?” என்றார். அதற்குள், மீன் குழம்பில் கைவைத்திருந்த ஒரு மாணவன், அன்றிலின் கதையை அவருக்குச் சொல்லத் தொடங்கிவிட்டான். அவர் சோறு ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று நாளில் மாணவர் தொகுத்த குறிப்பேட்டில் ஐம்பத்திரண்டு பெயர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் எதிரிலும் கண்ட இடம், நேரம், மரம், பறவையின் நிறம், சொன்னவர் இன்னார் என்று எழுதியிருக்கின்றனர். நாற்பத்தைந்துக்கு நூல்களைக் கொண்டு அடையாளம் கண்டுவிட்டோம். எஞ்சிய ஏழும் பெரியவர் வாயிலிருந்து மட்டுமே வந்தவை. எந்த அகராதியிலும் இல்லை. அவ்வேழின் எதிரில் மட்டும் மாணவர் ‘ஒருவகைப் பறவை’ என்று பென்சிலால் எழுதி வைத்துள்ளனர். அவற்றுள் மூன்று, மழைக்காலத் தொடக்கத்தில்தான் கண்ணில் படுமாம். ஐப்பசியில் வரச் சொல்லியிருக்கின்றார், முழங்கால் ஒத்துழைத்தால் தாமே உடன் வருவதாக.